உடம்பை விட்டு இறங்காத எண்ணெய்

கண்ணுக்குத் தெரியாத நஞ்சைப் பற்றி, வேலை தலைக்கு மேல் கிடக்கிறவர்களிடம் திரும்பத் திரும்பக் கதைப்பதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் உத்தியோகம். நீங்களும் அப்படியொன்றில் மாட்டுப்பட்டவரென்றால் என் களைப்பு விளங்கும்.

முழங்கால்

கொக்குவிலில் யோகன் ஒரு வெல்டிங் கடை வைத்திருக்கிறார். வெல்டிங் பெட்டி சூடாகாமலிருக்க, மூலையில் இரும்புப் பீப்பாயாக நிற்கிற பரலிலிருந்து பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய் எடுத்து ஊற்றுவார். முழங்கை வரை அதே எண்ணெய். அதில் குளோரின் கலந்த நஞ்சு இருந்தது. பரிசோதித்தபோது யோகனின் இரத்தத்திலும் இருந்தது. வீட்டில் மனைவி சுபாவிடம் மூன்று மாதக் கைப்பிள்ளை. எனக்கு அதுதான் பயம். எண்ணெயைத் தொடாதேயுங்கோ என்று அரை மணித்தியாலம் சொன்னேன். நான் நொண்டிக்கொண்டு எழும்புவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, உது மூட்டு நோவுக்குத் திறம் சாமான். ஒரு போத்தில் கட்டித் தரட்டோ?"

பேதி

அடுத்த கிழமை கடை பூட்டு. வீட்டுக்குப் போனால் ஆள் பாயில் கிடக்கிறார். நஞ்சை இறக்கவென்று பேதிக்குக் குடித்திருக்கிறார். தண்ணீரில் கரைகிறதென்றால் சிறுநீரோடு போய்விடும், இது கொழுப்பில் கரைகிற சாதி என்றேன். ஈரல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பும், மிச்சம் கொழுப்புக்குள் குடியிருக்கும், கழிய வருசக்கணக்காகும். யோகன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "இவ்வளவு தரம் கக்கூசுக்கு நடந்தனான், அது மட்டும் வரேல்லையெண்டோ சொல்லுறியள்?"

விரதம்

கந்தசட்டிக்கு ஆறு நாளும் இளநீரோடு இருந்தார். மெலிந்துபோய் வந்து மறுபடியும் இரத்தம் கொடுத்தார். நஞ்சு கூடியிருந்தது. பட்டினியில் கொழுப்பு உருகும். உருகினால் அதற்குள் கிடந்தது இரத்தத்துக்கு வரும். இதை ஒரு விரதகாரருக்குச் சொல்கிற பாவமும் எனக்கே வாய்த்தது. "முருகனிட்டைப் போயும் கூடியிருக்கெண்டால், நான் இனி ஆரிட்டை ஐயா போறது?"

பால்மா

யோகனின் எண்ணெய் உடுப்புகளைச் சுபாதான் தோய்க்கிறவர். அவரின் இரத்தத்திலும் நஞ்சு. பயத்தில் பால்மாப் பெட்டி வாங்கி வைத்திருந்தார். தாயின் உடம்பை விட்டு இது எப்படிப் போகும் என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. பாலிலும் கொழுப்பு இருக்கிறது, அதோடும் போகும் என்றேன். ஆனாலும் தாய்ப்பாலின் நன்மைதான் பெரிது, நிப்பாட்ட வேண்டாமென்று டொக்டர் சொன்னவர், நிப்பாட்ட வேண்டியது எண்ணெயை என்றேன்.

"அப்ப பிள்ளைக்குக் குடுத்துக் குடுத்துத்தானோ ஐயா என்ரை உடம்பு சுத்தமாகிறது?" என்று கேட்டுவிட்டு, சுபா பிள்ளைக்குப் பால் கொடுக்க அறைக்குள் போனார். வாசலில் நின்ற யோகன் சொன்னார்: "எண்ணெய்ப் பரலை எங்கை குடுக்கிறதெண்டு சொல்லுங்கோ, இண்டைக்கே ஏத்திறன்."

அந்த நஞ்சை உடம்பு எந்த வழியால் கழிக்குமென்று எனக்குத் தெரியும், ஒரு பரலைக் கொக்குவிலிலிருந்து எந்த வழியால் கழிப்பதென்று எங்கள் சுகாதாரக் கந்தோரில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது.