மணிக்குள்ளே ஒரு வீடு

வீட்டுத் தரகன் காட்டுவது வீடு. வருகிறவர்கள் பார்ப்பது பள்ளிக்கூடம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பகுதியில் கண்டியில் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கிணறு வற்றாது, கூரை ஒழுகாது, சந்தை பக்கம் என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே முன்னால் நடப்பேன். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது கிடக்கட்டும், வீடு மணிக்குள்ளேயா, மணிக்கு வெளியேயா என்று கேட்பார்.

பிள்ளையின் படிப்புக்காகச் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறியவர்கள் யாராவது இதைப் படித்தால் சிரிக்க மாட்டீர்கள். நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளி ஒன்று இருந்தது. தலைமை அம்மா வெள்ளைக்காரி. புத்தகம் வைத்துத் தமிழ் படித்தவர். யாரிடமும் அதில்தான் பேசுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பெற்றோர்களிடம், தம் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மணிக்குள்ளே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். பள்ளி மணி காதில் விழும் தூரத்தில் குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இனி இடம் என்று ஊர் புரிந்துகொண்டது. விடுதியில் இடம் போதாது, தூரத்துப் பிள்ளைகள் மழையில் நனைந்து காய்ச்சலில் விழுகிறார்கள் என்று காரணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. அன்றிலிருந்து கண்டி எனக்கு இரண்டு ஊராகிவிட்டது.

இனி வருவதெல்லாம் கட்டுகஸ்தோட்டை வீதிக்குப் பக்கத்துச் சந்தில், சரிவில் நின்ற ஒரே ஒரு வீட்டை வாடகைக்கு விட நான் பட்ட பாடு.

குசினிக்கு எட்டாதது

முதலில் வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் கச்சேரியில் கிளார்க். மாற்றலாகி வந்தவர். மனைவியும் கூடவே வந்தார். ஒரே மகள், அவளைத் தையில் அந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும். மனுஷன் சுவரைத் தட்டிப் பார்க்கவில்லை, கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மத்தியான மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது, நிற்போம் என்றார். மூன்று பேரும் வாய் திறக்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்றோம். செத்த வீட்டில்கூட அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை.

மணி அடித்தது. முன்பக்க விறாந்தையில் கணீரென்று கேட்டது. கிளார்க் ஐயாவின் முகம் மலர்ந்தது. எனக்கும் காரியம் பலித்துவிட்டது என்றுதான் பட்டது. அப்போது அந்த அம்மா பின்பக்கத்துச் சமையலறையிலிருந்து மெல்ல நடந்து வந்தார். வீட்டுக்குப் பின்னால், பள்ளி இருக்கும் பக்கமாக மண்மேடு, பக்கத்தில் பெரிய பலா மரம். சத்தம் அங்கே போய்ச் சேரவில்லை. கணவர் விறாந்தையில் கேட்டால் போதும்தானே என்று சமாதானம் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னது இது: "குசினிக்க நிண்டா மணி கேக்கேல்லை. விடிஞ்சாப் பொழுதுபட்டா நான் அதுக்குள்ளதானே நிக்கப்போறன். பிள்ளையை ஆர் நேரத்துக்கு வெளிக்கிடுத்திறது?"

பலா

அவர்கள் வேறு வீடு தேடிப் போனார்கள். பலா மரம்தான் மணியை மறைக்கிறது போலும் என்று நான் போய் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ, சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் பழனியப்பர் கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அவரது தகப்பனார் இந்தியாவிலிருந்து வந்த வருஷம் வைத்த மரம் அது. கிளையெல்லாம் பிஞ்சு விட்டிருந்தது. நான் சொல்லி இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தால், மரம் சந்துக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. சந்தே பால் வாடை. அவர் வீட்டம்மா படியில் உட்கார்ந்து பிஞ்சுகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டபடி அழுதுகொண்டிருந்தார். பச்சை மரத்தை, அதுவும் காய்க்கிற பலாவை வெட்டலாமா என்று சந்தில் இருந்த சிங்கள வீட்டுக்காரர்களும் வருத்தப்பட்டார்கள்.

அடுத்த மணிக்கு வீட்டுக்காரர்களும் நானும் போய்க் குசினியில் நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தை மறைத்தது மரமல்ல, மண்மேடு. மேட்டை யார் வெட்டுவது? பழனியப்பர் அசையவில்லை. வெட்டிய அடிமரத்தில் கால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பலா வருசத்துக்கு ஒருக்காத்தான் காய்க்குது தரகரே. மணி நித்தமும் அடிக்குதுல்ல. எவனாவது வருவான்."

பாங்கும் மணியும்

வந்தவர் மடவளைத் துணி வியாபாரி. காலையும் மாலையும் கட்டுகஸ்தோட்டை வழியாகப் போய் வருகிற மனுஷர்; வண்டிக்காரர்களுக்கெல்லாம் தெரிந்தவர். மூத்த மகளைக் குர்ஆன் ஓதப் படித்ததோடு நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பிள்ளை தங்கையின் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு யாருக்கும் தெரியாமல் எழுதிப் பார்ப்பதை ஒருநாள் கண்டிருக்கிறார். அன்றிலிருந்து மனசு சரியில்லை, இளையவளையாவது படிக்க வைக்க வேண்டும் என்றார். கன்னியாஸ்திரிகளிடமா என்று குடும்பத்தில் பெரிய பேச்சாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

வீடு அவருக்குப் பிடித்தது. விறாந்தையில் மணி நன்றாகக் கேட்டது. இருந்தும் போகாமல் நின்றார். வெயில் தாழ்ந்தது. மஃரிபுத் தொழுகை நேரமானது. காதில் கை வைத்துக் கேட்டார். சரிவுக்கு அப்பால் இருந்த பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு அந்தச் சந்துக்குள் எட்டவே இல்லை. வேறு வீடு பார்ப்போம், இரண்டும் கேட்கிற மாதிரி எங்காவது இருக்கும் என்றேன். எங்குமில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். தொப்பியைச் சரிசெய்துகொண்டு என் தோளைத் தொட்டார்: "மணி கேட்டு மக போவா, தரகரே. பாங்கு கேட்டுத் திரும்பி வரோணும். இல்லாட்டி அவட உம்மாட மொகத்துல நான் எப்படி முழிக்கிற?"

விறகு அறை

மார்கழி வந்துவிட்டது, வீடு பூட்டிக் கிடந்தது. பழனியப்பர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் ஆரோக்கியம் வந்தாள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். கணவன் சவரிமுத்து அங்கேயே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். மகள் லூர்து தோட்டத்துப் பள்ளியில் அஞ்சாம் வகுப்பு முடித்துவிட்டாள். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. மாதா கோயில் சாமியார் பேசி, பள்ளிச் சம்பளம் இல்லாமல் சேர்த்துக்கொள்ள வழி செய்திருந்தார். வீடு மட்டும் மணிக்குள்ளே இருந்தால் போதும் என்று ஆரோக்கியம் யார் யாரிடமோ கேட்டு வைத்திருந்தாள். இல்லையென்றால் தை பிறந்ததும் அந்தப் பிள்ளையின் தலையிலும் கூடையை மாட்டி, பாதிச் சம்பளமான அரைப்பேருக்கு மலைக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர்களுக்கு முழு வீடு எதற்கு? பின்பக்கம் விறகு அடுக்குகிற அறை ஒன்று இருந்தது. ஜன்னல் கிடையாது. பழனியப்பர் கொஞ்சம் முனகிவிட்டு அதைத் தரச் சம்மதித்தார். ஆனால் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போடாதவர்களுக்கு லயத்து வரிசை வீடுகளில் இடமில்லை. அவள் இறங்கி வந்தால் குடும்பம் இருக்கிற அறையை, அந்தக் காம்பராவைக் கங்காணி எடுத்துக்கொள்வார். சவரிமுத்து ஒண்டியாட்களோடு போய்ப் படுக்க வேண்டும். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறாயா என்று கேட்டேன். தெரியும் என்று தலையை ஆட்டினாள். கீழே தேயிலை ஸ்டோரில் குச்சி பொறுக்குகிற வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாளாம்.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. மத்தியான மணி அடிக்கும்வரை ஆரோக்கியமும் லூர்துவும் நானும் அந்த அறை வாசலில் நின்றோம். முன்பக்கம் விறாந்தையின் ஓரத்தில், எங்கள் கண்ணில் படும்படி பழனியப்பர் நின்று, மணி அடித்ததும் கையை உயர்த்திக் காட்டினார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஆரோக்கியத்துக்கும் கேட்கவில்லை, அவள் முகத்திலிருந்தே தெரிந்தது. அவள் மகளைப் பார்த்தாள். லூர்து பழனியப்பரின் கையைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "கேக்குதும்மா. நல்லாவே கேக்குது."

தலைமை அம்மாவின் தமிழ்

தையில் பள்ளி திறந்தது. வீடு எங்கே என்று கேட்டால் சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்று ஆரோக்கியம் என்னையும் அழைத்துப்போனாள். காம்பராவை விட்டு இறங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. தலைமை அம்மா லூர்துவை வாசிக்கச் சொன்னார், இரண்டு கணக்குக் கொடுத்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார். பிறகு ஆரோக்கியத்திடம், ஹந்தானை தூரமாயிற்றே, பிள்ளை எப்போது புறப்படுவாள் என்று விசாரித்தார். ஆரோக்கியம் நெஞ்சில் கை வைத்து, நாங்கள் இப்போது ஹந்தானையில் இல்லை, மணிக்குள்ளேதான் இருக்கிறோம் என்றாள்.

தலைமை அம்மாவுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். அவர் அன்று கோயில் வாசலில் சொன்னது, அதற்காக ஊர் வீடு தேடுவது, இவர்கள் லயத்தை விட்டு வந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, புத்தகத்தில் தேடி எடுப்பவர்போல, ஆரோக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் வீட்டைச் சொல்லவில்லை, அம்மா. நேரத்தைச் சொன்னேன். மணி அடிக்கும் முன்னே பிள்ளை பள்ளிக்குள் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் நான் சொல்லவில்லை."

ஞாயிறு

அன்று சாயங்காலமே காம்பராவைத் திருப்பிக் கேட்க நானும் ஆரோக்கியமும் ஹந்தானைக்கு ஏறினோம். கங்காணி கெட்டவரல்ல, உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். ஆனால் காம்பராவில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது. கடல் தாண்டிப் புதிதாக வந்த குடும்பம், இடுப்பில் ஒரு குழந்தை, கையைப் பிடித்தபடி ஒன்று. அவர்களைக் கிளப்பிவிடுங்கள் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. ஆரோக்கியம் இடுப்புக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். கீழே வருகிற வழி முழுக்க எனக்கு ஒரே எண்ணம். மொழியைப் புத்தகத்தில் படித்தவர் ஒருவர் சரியாகப் பேச, பிறந்தது முதல் பேசுகிற ஊரே தப்பாகக் கேட்டிருக்கிறது.

தலைமை அம்மா மறுவாரமே கோயிலில் எல்லாரையும் கூட்டி விஷயத்தை விளக்கிச் சொன்னார். ஊர் நம்பவில்லை. யாரோ மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள், அதற்குப் பயந்து இப்படிச் சொல்கிறார் என்றது. பழனியப்பர் அடிமரத்தைக் காட்டி, பின்னே நான் எதற்கு இதை வெட்டினேன் என்று என்னையே கேட்டார். மடவளைக்கு மட்டும் நானே நடந்து போய்ச் சொன்னேன். அந்த வியாபாரி அடுத்த நாளே மகளோடு பள்ளிக்கு வண்டி ஏறினார்.

லூர்து அந்தப் பள்ளியில் கடைசி வகுப்புவரை படித்தாள். அத்தனை வருஷமும் சவரிமுத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசைக்கு இறங்கி வருவான். மூன்று பேரும் அந்த ஜன்னலில்லாத அறையில் சாப்பிடுவார்கள். வெயில் சாயும்போது அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்புவான், ஆரோக்கியம் சந்து முனைவரை வந்து நிற்பாள். ஒரு ஞாயிறு நான் அந்த வழியாக வந்தவன், மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம் என்றேன். அவள் மலைப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "சரியாப் புரிஞ்சிருந்தா நாங்க எறங்கியே இருக்க மாட்டோங்க ஐயா. தோட்டத்தோட இருந்திருப்போம். பிள்ள நடந்தே வந்திருக்கும். இப்ப அந்த மனுசன் ஒத்தையில ஏறிப்போறதப் பாக்கிறப்ப வயிறு எரியுதுங்க."

இன்றைக்கும் புதிதாக வருகிறவர்கள் மணிக்குள்ளே வீடு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள், நானும் இருக்கிறது என்று சொல்லி, விடியுமுன் கிளம்பி, மணி அடிப்பதற்குள் மலையிலிருந்து நடந்து வந்து சேர்கிற பிள்ளைகளைக் காட்டுகிறேன். தரகு மட்டும் கிடைப்பதில்லை.