ஆடினது தலையா, தரையா?

கும்மிடிப்பூண்டிப் பக்கம் வயலெல்லாம் ஃபேக்டரியாக மாற ஆரம்பித்த எழுபதுகள் அது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நானும் என் மாமியாரும் ஒரு ஃபேக்டரி கட்டடத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாமியார் ஜல்லி சுமந்ததைவிட என்னை நோட்டம் விட்டதுதான் அதிகம். மருமகள் எப்போது வாந்தியெடுப்பாள் என்று அவருக்கு அத்தனை ஆசை.

அன்றைக்குக் கான்கிரீட் போடுகிற நாள். கலவை மிஷினை நிறுத்தக் கூடாது என்பதால், சாப்பிட இரண்டிரண்டு பேராகத்தான் விட்டார்கள். எங்கள் முறை வந்ததும் பின்பக்கம் போனோம். அங்கே புதிதாக எழுப்பிய உயரமான செங்கல் சுவர் ஒன்று இருந்தது. கூரை இன்னும் வரவில்லை. நல்ல நிழல். அதனால் சாரக் கொம்பில் புடவையை முடிந்து குழந்தைகளுக்கு அங்கேதான் தூளி கட்டுவோம். மூன்று தூளியில் ஒன்றில் என் நாத்தனார் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மற்ற இரண்டும் காலி.

சாப்பிட்டதும் மாமியார் சோற்றுத் தூக்கைக் கழுவப் போனார். நான் சும்மாட்டுத் துணியைத் தலைக்கு வைத்து வெறுந்தரையில் மல்லாந்தேன். கண் பாதி மூடி, பாதி திறந்து, மேலே வெள்ளை வெளேரென்று வானம். அப்போது தரை என்னை மெதுவாக அந்தப் பக்கம் தள்ளியது. பிறகு இந்தப் பக்கம். பழவேற்காட்டு ஏரியில் படகுக்குள் படுத்திருப்பது போல இருந்தது. பயமே இல்லை. இன்னும் கொஞ்சம் ஆடட்டுமே என்றுகூடத் தோன்றியது. காற்று துளியும் கிடையாது. ஆனால் மூன்று தூளியும் சொல்லிவைத்த மாதிரி ஒரே பக்கம் போய், ஒன்றாகத் திரும்பின. சுவர் உச்சியிலிருந்து சலித்த மாவு போல என் கன்னத்தில் தூசி விழுந்தது. அப்புறம் எல்லாம் நின்றுவிட்டது.

மாமியார் வந்ததும், "அத்தே, தரை ஆடுச்சு" என்றேன்.

தூக்கு கீழே விழாத குறை. "மசக்கைடீ! நான் அப்பவே நெனச்சேன். மாங்கா துன்றியா?"

"ஐயோ அத்தே, தூளிகூட ஆடுச்சு."

"ஆடும், ஆடும். இனிமே ஊடே ஆடும்!"

நான் மிஷின் பக்கம் போவதற்குள் சேதி அங்கே போய்விட்டது. மேஸ்திரி பல்லைக் காட்டினார். "இன்னாமே, உள்ள இருக்கறது அதுக்குள்ள டான்ஸ் ஆடுதா? மிஷின் ஓடுனா தரை அதிராதா? பேஜாரு பண்ணாம ஜல்லிய எடு."

எல்லோரும் சிரித்தார்கள். சாரத்தின் மேலே நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினீயர் மட்டும் சிரிக்கவில்லை. இறங்கி வந்தார்.

"ஏம்மா, தலை சுத்துச்சா, தரை ஆடுச்சா?"

"தலை சுத்துனா தூளி இன்னாத்துக்கு சார் ஆடணும்?"

"அப்போ நின்னுக்கிட்டு இருந்தியா?"

"படுத்துகினு இருந்தேன் சார்." திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"அதான். லேசா பூமி அதிர்ந்தா சும்மா படுத்திருக்கறவங்களுக்குத்தான் தெரியும். மிஷின்கிட்ட நிக்கறவங்களுக்குத் தெரியாது. எப்படி ஆடுச்சு? கையால காட்டு."

காட்டினேன். என்னோடு பின்பக்கம் வந்தார். அந்தச் சுவரும் பக்கத்துச் சுவரும் சேரும் மூலையில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை மாதிரி ஒரு கோடு. அதில் விரலை ஓட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. நேரே போய், தூளியிலிருந்த குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

"ரெண்டு சுவரையும் கல்லுக்குக் கல்லு கோத்துக் கட்டலை. பக்கத்துல பக்கத்துல நிக்குது, அவ்வளவுதான்."

கல்யாண ஃபோட்டோவில் நானும் என் வீட்டுக்காரரும் நின்றது அப்படித்தான். ஆனால் அதைச் சொல்கிற நேரமா அது?

சுவரைத் தள்ளிவிடச் சொன்னார். மேஸ்திரிக்குக் கோபம். "ஒரு பொம்பள தூங்கி எழுந்து சொன்னதுக்கா சார்? சொம்மா கிண்ணுனு நிக்குது. இத்த இடிக்கப் பொழுது சாஞ்சிடும்."

எல்லோரையும் தூரத்தில் நிறுத்திவிட்டு, நாலு ஆட்கள் நீளக் கழிகளை வைத்து ஒருமுறை அழுத்தினார்கள். அந்த ஒருமுறைதான். தூக்கம் வந்த ஆள் சாய்வது போல அவ்வளவு பெரிய சுவர் மெள்ளச் சாய்ந்தது. அதற்கப்புறம்தான் சத்தம். சிவப்புத் தூசி அடங்கியபோது, தூளி தொங்கிய இடத்தில் முழங்கால் உயரத்துக்குச் செங்கல். மேஸ்திரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாமியார் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இறுக்கிய இறுக்கலில் அது வீறிட்டு அழுதது.

அந்தச் சுவரை மறுபடி கட்டினார்கள். இந்த முறை மூலையில் கல்லைக் கோத்து, நடுவே கம்பியை நிறுத்தினார்கள். கதவு, ஜன்னலுக்கு மேலே நாலு சுவரையும் சுற்றி எங்கேயும் விடாமல் கான்கிரீட்டில் பெல்ட் போட்டார்கள். "ஆடினா நாலும் சேர்ந்து ஆடணும். தனித்தனியா ஆடினாத்தான் விழும்" என்றார் இன்ஜினீயர். அந்த பெல்ட்டுக்கு நானும் கலவை சுமந்தேன். மாமியார் மட்டும் இன்னும் ஒரு மாதம் மாங்காய் கொடுத்துப் பார்த்தார். பல் கூசியதுதான் மிச்சம்.

அந்த வேலை முடிந்த பிறகு இன்ஜினீயரை நான் பார்க்கவேயில்லை. யாரையும் கேலி பண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் யாராவது வந்து "இன்னாவோ மாதிரி கீது" என்று சொன்னால், நாக்கு நுனிக்கு வந்த கேலியை விழுங்கிவிட்டு, எப்படி இருந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன். அன்றைக்கு அந்த ஒரு மனிதரும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால், படுத்திருக்கிற பாய் இப்போதும் லேசாக அசைகிறது.