பூட்டு ஊர் பார்க்கப் போனது

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடவுச்சீட்டிலும் கல்லூரி அடையாள அட்டையிலும் மட்டும் பத்திரமாக இருந்தது. விடுதியில் எல்லோருக்கும் அவன் பூட்டு. அறையைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பான். படிக்கட்டு வரை போய், ஏதோ மறந்தவன்போல் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பான். ஒருநாள் கதவின் கைப்பிடியே கழன்று கையோடு வந்துவிட்டது. "அந்தக் கதவு திருடனுக்குப் பயப்படல மச்சான், உனக்குத்தான் பயப்படுது" என்றான் அறைத் தோழன். அன்று விழுந்த பெயர்.

இது அவனுக்குப் பரம்பரைச் சொத்து. அவன் வீட்டில் யாரும் ஒரே மூச்சில் வெளியூர் கிளம்பியதில்லை. ஆட்டோ தெருமுனை திரும்பும்போது அம்மா ஆரம்பிப்பாள்: "ஏங்க, கேஸ மூடினோமா?" அப்பா, "கடைசியா சமையல்கட்டுல இருந்தது நீதானே?" என்பார். ஆட்டோ வந்த வழியே திரும்பும். ஒரு முறை ரயிலே போய்விட்டது. ஆள் இல்லாத பிளாட்பாரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு அம்மா சொன்னாள், "கேஸு மூடித்தான் இருந்துச்சு. அந்த மட்டும் நிம்மதி."

அந்தப் பிள்ளையிடம்தான் கடல் தாண்டி வந்த இடத்தில் ஒரு ஃப்ரீசரை ஒப்படைத்திருந்தார்கள்.

அவன் படித்தது நுண்ணுயிரியல். ஆய்வகத்தின் கோடியில் பீரோ உயரத்துக்கு நின்றது அந்தப் பழைய ஃப்ரீசர். அதற்குள் சுண்டுவிரல் அளவுக் குழாய்களில் உறைந்து கிடந்தவை அக்காவின் சாம்பிள்கள். அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஆய்வகத்தில் மூத்த மாணவி, அங்கே அவன் பேச்சு பேசுகிற ஒரே ஆள். வந்த புதிதில் குளிருக்கு என்ன வாங்க வேண்டும் என்பதிலிருந்து பேராசிரியர் முகம் சிவந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்பது வரை சொல்லிக் கொடுத்தவர். காடு மேடெல்லாம் அலைந்து, மண் அள்ளி வந்து, வருஷக்கணக்காக அவர் சேர்த்தது முழுக்க அதற்குள் இருந்தது. உருகினால் அந்த நுண்ணுயிர்களெல்லாம் போச்சு. திரும்ப உறைய வைத்தாலும் செத்தது செத்ததுதான்.

ஃப்ரீசருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சும்மா சாத்தினால் மூடியதுபோல் நடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாக வாயைத் திறக்கும். அதனால் கடைசியில் கிளம்புகிறவர் தோளைக் கொடுத்து அழுத்தி, சாவியைத் திருப்பிப் பூட்டி, சாவியைச் சுவரிலுள்ள கொக்கியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். கடைசியில் கிளம்புகிறவன் எப்போதும் பூட்டுதான்.

வந்ததிலிருந்து அவன் அந்த ஊரை விட்டு வெளியே கால் வைத்ததில்லை. எல்லை தாண்டினால் இன்னொரு நாடு, அங்கே ஆறும் பழைய பாலமுமாக ஒரு நகரம், பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம் என்று அறைத் தோழன் நச்சரித்துக்கொண்டே இருந்தான். அந்தத் தோழனுக்கு விடுதியில் மேப்பு என்று பெயர். எந்நேரமும் செல்போனில் வழி பார்த்துக்கொண்டே நடப்பான். போய்ச் சேரும் இடம் மட்டும் வேறாக இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆய்வக வாசலிலேயே வந்து நின்றுவிட்டான். பூட்டு ஃப்ரீசரைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தான், மறுபடி உள்ளே போனான், வந்தான், மறுபடியும் போனான். கடைசித் தரம் மேப்பு உள்ளே புகுந்து, முதுகுப்பையின் வாரைப் பிடித்து, கன்றுக்குட்டியை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு ஓடினான்.

"பஸ்ஸு உனக்காக நிக்குமாடா? அது என்ன உங்க அப்பா வீட்டு ஆட்டோவா?"

பஸ்ஸில் ஏறியதும் அசதியில் தூங்கிவிட்டான். வினை காலையில் ஆரம்பித்தது.

அந்த நகரத்தின் முதல் தெருவில், ரொட்டிக் கடையில் காபிக்கு நிற்கும்போது ஒரு பெண் தன் சைக்கிள் சாவியை மேஜை மேல் போட்டாள். அந்தச் சின்னச் சத்தத்தில் அவன் காபியை மறந்தான். கொக்கியில் சாவி மாட்டுகிற சத்தம்! நேற்று அதைக் கேட்டோமா? கதவை அழுத்தியது தோளுக்கு நினைவிருந்தது. சாவியைத் தொட்டது விரலுக்கு நினைவிருந்தது. காதுக்கு மட்டும் ஒன்றும் நினைவில்லை. மாட்டவில்லை என்றால் சாவி ஃப்ரீசரிலேயே தொங்குகிறது. தொங்குகிறது என்றால் பூட்டவில்லை. பூட்டவில்லை என்றால் இந்நேரம் அது வாயைத் திறந்திருக்கும்.

அதன்பிறகு அவன் பார்த்ததெல்லாம் கதவுகளைத்தான். கோபுரம் வைத்த பழைய கட்டடத்தின் வாசலில் எல்லோரும் அண்ணாந்து பார்க்க, இவன் தாழ்ப்பாளைப் பார்த்தான். அருங்காட்சியகத்தில் ஒரு ஓவியத்தின் முன்னால் வெகுநேரம் நின்றான். மேப்பு மகிழ்ந்துபோய், "என்ன மச்சான், பிடிச்சிருக்கா?" என்றான். ஓவியத்தில் பனி உருகிக்கொண்டிருந்தது.

"ஃபோன் பண்ணிக் கேட்டுடேன்" என்றான் மேப்பு, விஷயம் தெரிந்ததும்.

"என்னன்னு கேக்கறது? அக்கா, உங்க உழைப்பெல்லாம் தண்ணியா ஓடுதா, கொஞ்சம் எட்டிப் பாருங்கன்னா?"

"அப்ப கேக்காத. ரெண்டு நாளும் இப்படியே செத்தவன் மாதிரி கூட வா. நானும் பாடி தூக்கிட்டுச் சுத்தறேன்."

பாலத்துக்கு வந்தபோது தூறல் பிடித்தது. மேப்பு காட்டிய குறுக்கு வழியால் ஆற்றின் தவறான கரைக்குப் போய்ச் சுற்றி வந்திருந்தார்கள். நடந்து நடந்து மேப்புக்குக் கால் வலி. நனையாமல் இருக்க, ஜாக்கெட்டின் உள்பையில் மடித்து வைத்திருந்த குல்லாயை உருவினான் பூட்டு. கூடவே ஏதோ வந்து கல்லில் விழுந்தது.

காலையிலிருந்து அவன் காது தேடிய சத்தம் அதுதான்.

நீல நாடா கட்டிய சாவி. ஃப்ரீசர் சாவி. ஒரு நாட்டைத் தாண்டி வந்து, ஈரக் கல்லில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. மேப்பு குனிந்து எடுத்தான். "டேய், இது..." என்று ஆரம்பித்தவன் தோழனின் முகத்தைப் பார்த்து, சாவியை அவன் உள்ளங்கையில் வைத்தான்.

பூட்டு அக்காவை அழைத்தான். இப்போது யோசிக்கத் தெம்பில்லை.

"சொல்லுப்பா, ஊரெல்லாம் எப்படி இருக்கு?" என்றார் அக்கா.

"அக்கா, நீங்க எங்க இருக்கீங்க?"

"வாசப்படியில. லேபுக்குத்தான் கிளம்பறேன், ஷூ மாட்டிட்டிருக்கேன். ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?"

எல்லாவற்றையும் கொட்டினான். இழுத்தது, ஓடியது, கேட்காத சத்தம், இப்போது உள்ளங்கையில் இருக்கும் சாவி. "சாவி எங்கிட்ட இருக்குக்கா. பூட்டாம வந்துட்டேன் போல. ஓடிப்போய்ப் பாருங்க, ப்ளீஸ். என்ன திட்டுறதுன்னாலும் அப்புறம் திட்டுங்க."

ஆற்றில் ஒரு படகு பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தது.

"தம்பி" என்றார் அக்கா நிதானமாக. "அந்தப் பூட்டு திறந்திருந்தா சாவிய விடுமா? பிடிச்சு வச்சுக்குமே. கதவு முழுசா உக்காந்து, பூட்டு விழுந்தாத்தானே சாவி கையோட வரும்? தினம் பூட்டறவன் நீ. உனக்கே தெரியலையா?"

அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு சாயங்காலமும் அது கைக்குத் தெரிந்த விஷயம். தலைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

பாலத்துச் சுவரில் அப்படியே சாய்ந்தான். பயம் வடிந்த பிறகுதான் கால் வலியே தெரிந்தது. அந்த வலிகூட நன்றாக இருந்தது. ஆனால் உடனே இன்னொன்று குத்தியது. "அக்கா, அப்ப நீங்க எப்படித் திறப்பீங்க? இன்னொரு சாவி?"

"பேராசிரியர்கிட்ட. அவரு திங்கக்கிழமைதான் ஊர்லேர்ந்து வர்றாரு."

"ஐயோ! உங்க வேலை?"

இப்போது திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டான். திட்டு விழவில்லை. தொம்மென்று ஒரு ஷூ கழன்று தரையில் விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"அப்பாடா!" என்றார் அக்கா. அந்த ஒரு சொல்லில் பல மாதத்து மூச்சு இருந்தது. "கடைசியா எந்த ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்தேன்னு ஞாபகமே இல்லடா. போகாம இருந்தா மனசு அரிக்கும். போனா உடம்பு அழும். இப்ப நானே நெனச்சாலும் போக முடியாது பாரு. நல்லா இழுத்துப் பூட்டிட்ட. நான் போய்ப் படுக்கறேன்."

"கோவம் இல்லையாக்கா?"

"திங்கக்கிழமை வச்சுக்கறேன். இப்ப எதுக்கு அதையும் தூக்கிட்டு அலையணும்?"

தூறல் நின்றிருந்தது. பூட்டு திரும்பினான். காலையிலிருந்து கூடவே வந்த ஆறு அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. பழுப்பு நிறம். அவசரமில்லாத தண்ணீர், கரையோர வீடுகளின் ஜன்னல்களைத் தலைகீழாகச் சுமந்துகொண்டு போயிற்று.

"மேப்பு, அந்தக் கோபுரக் கட்டடம் எந்தப் பக்கம்?"

"அதான் காலையிலேயே பார்த்தோமேடா!"

"நான் பார்க்கல."

மேப்பு செல்போனை எடுத்தான். "பக்கத்துலதான், நேரா போனா..."

"அத உள்ள வை. யாரையாவது கேப்போம்."

மறுநாள் பகலில் அக்காவிடமிருந்து ஒரு படம் வந்தது. ஏரிக்கரையில் ஒரு பெஞ்ச், அதன் மேல் செருப்பில்லாத இரண்டு பாதங்கள். கீழே எழுதியிருந்தார்: "சாவி பத்திரம். சீக்கிரம் வந்து தொலைக்காத."

பூட்டு ஜாக்கெட்டின் உள்பையைத் தொட்டுப் பார்த்தான். இருந்தது. நாலு எட்டு நடந்துவிட்டு மறுபடி தொட்டுப் பார்த்தான். மேப்பு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினான்.