சனாவில் நான் ஏறாத படிக்கட்டு

நான் அந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை. பார்த்தேன் என்று சொன்னேன்.

இவ்வளவுதான் என் குற்றம். கேட்பதற்கு அற்பமாக இருக்கிறதல்லவா? 'பூ, இதற்கா இத்தனை ஆண்டு புழுங்கினாய்?' என்று நீங்கள் நினைக்கலாம். அவசரப்படாதீர்கள். முழுவதையும் கேட்டுவிட்டு என்னை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் வளைகுடாக் கரையில், அல் கோபாரில் ஒரு சாலை கான்ட்ராக்ட் கம்பெனியில் டைப்பிஸ்ட். எங்கள் ஆபீஸ் டிரைவர் ஸாலிஹ். ஏமன் நாட்டுக்காரன், மலைமேல் இருக்கும் சனா நகரம் அவன் ஊர். நான் காய்ச்சலில் கிடந்த பத்து நாளும் ரூமுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன் அவன்தான். கூட இருந்த நம்மவர்கள் 'டியூட்டி, டியூட்டி' என்று ஓடியபோது, அவன் என் வாந்தியைக் கழுவினான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'யாரோ ஒரு டிரைவர்தானே' என்று நீங்கள் எனக்குச் சலுகை காட்டிவிடுவீர்கள்.

சனாவில் ஒரு ரோடு டெண்டர் வந்தது. எஞ்சினியர் கோபாலன் சாரோடு, தாள்களை டைப் அடிக்க என்னையும் எட்டு நாள் அனுப்பினார்கள். செய்தி தெரிந்த அன்றே ஸாலிஹ் ஒரு புதுக் கம்பளிச் சால்வையோடு ரூமுக்கு வந்தான். எங்கள் பேச்சு பாதி இந்தி, பாதி அரபி. இங்கே தமிழில் தருகிறேன்.

“சிவா, இதை எங்கம்மா கையில குடு. மேல் மாடியில இருப்பா. எப்படி இருக்கான்னு உன் கண்ணால பாத்துட்டு வந்து சொல்லு.”

“ஏன், உன் தங்கச்சிதான் லெட்டர் போடுறாளே?”

“லெட்டர்ல எல்லாரும் சுகம்னுதான் எழுதுவாங்க. நீ காய்ச்சல்ல கெடந்தியே, உங்க வீட்டுக்கு எழுதுனியா? அவ முடியாம இருந்தா சொல்லு, அன்னைக்கே வேலைய விட்டுட்டுக் கெளம்பிடுறேன். நல்லா இருந்தா இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன்.”

கவனித்தீர்களா? போவதா, இருப்பதா என்பதை அவன் என் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிட்டான்! “கவலைய விடு, போனதும் மொத வேலை அதுதான்” என்றேன் நான்.

அரபு நாடு என்றாலே வெயில் என்று நினைத்திருந்த திருநெல்வேலி மடையன் நான். ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துக்கொள்ளவில்லை. சனாவோ கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே! விமானத்தை விட்டு இறங்கிய சாயங்காலமே பல் கிட்டியது. 'இன்று ஒருநாள் மட்டும்' என்று பெட்டியைத் திறந்து அந்தச் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஒருநாளா? எட்டு நாளும் அது என் தோளில்தான் கிடந்தது.

அந்த நகரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்... பழைய மதிலுக்குள்ளே நெருக்கியடித்துக்கொண்டு ஆறு மாடி, ஏழு மாடி மண் வீடுகள். ஜன்னலுக்கு ஜன்னல் வெள்ளைச் சுண்ணாம்பில் கோலம் போட்டிருந்தார்கள். பல நூற்றாண்டுப் பழைய வீடுகள். இன்னும் ஆட்கள் குடியிருந்தார்கள். வேலை முடிந்ததும் காமிராவை மாட்டிக்கொண்டு சந்து சந்தாகத் திரிந்தேன். பத்தடி ஏறினால் மூச்சு வாங்கும், சுவரில் சாய்ந்து நிற்பேன், மறுபடி நடப்பேன். கோபாரின் புழுக்கத்தில் மூன்று வருடம் வெந்தவனுக்கு அந்தக் காற்று போதையாக இருந்தது. ஆம், சந்தோஷமாக இருந்தேன். அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

'நாளைக்குப் போகலாம்' என்று தினமும் சொல்லிக்கொண்டேன். நாலாம் நாள் சந்தையில், காபித் தோலும் இஞ்சியும் போட்டுக் காய்ச்சிய அந்த ஊர்க் கஷாயத்தைச் சால்வைமேல் கொட்டினேன். உள்ளங்கை அகலத்துக்குக் கறை! துவைத்துப் பார்த்தேன், போகவில்லை. ஜலதோஷத்தில் அதிலேயே மூக்கையும் துடைத்திருந்தேன், அசிங்கம்! எந்த முகத்தோடு கொண்டுபோய்க் கொடுப்பது? அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகாமல் சுற்றினேன். இங்கே சரியாக மூச்சுவிட முடியவில்லை, அத்தனை மாடி எப்படி ஏறுவது என்று ஒரு சாக்கும் கிடைத்தது.

கடைசி நாள், விமான நிலையம் போகும் வழியில் மனம் கேட்கவில்லை. ஸாலிஹ் வீட்டுச் சந்து முனையில் ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.

“யோவ் சிவசு, பிளேன் நமக்காகக் காத்துக்கிட்டிருக்காது. அஞ்சே நிமிஷம், சொல்லிட்டேன்” என்றார் கோபாலன் சார்.

விசாரித்துக்கொண்டு ஓடினேன். இரும்பு வளையத்தால் கதவைத் தட்டினேன். வெகு உயரத்திலிருந்து ஒரு கிழக்குரல், யார் என்று கேட்டது. எனக்குத் தெரிந்த அரபியில், மூச்சிரைக்க, “ஸாலிஹ்... கோபார்... ஸாலிஹ்” என்று கத்தினேன்.

அந்த ஊரில் கதவைத் திறக்க யாரும் இறங்கி வருவதில்லை. மாடியில் இருந்த இடத்திலிருந்தே ஒரு கயிற்றை இழுப்பார்கள், தாழ்ப்பாள் தூக்கிக்கொள்ளும். கதவு திறந்தது. உள்ளே இருட்டு. முழங்கால் உயரத்துக்குக் கல் படிகள், சுழன்று சுழன்று மேலே போயின.

மேலேயிருந்து குரல் வந்தது. “ஸாலிஹ்?”

ஐயோ! மகனே வந்துவிட்டான் என்று நினைத்துவிட்டாள்!

“ஸாலிஹ்? யா ஸாலிஹ்?”

ஏறியிருக்க வேண்டாமா? தவழ்ந்தாவது ஏறியிருக்க வேண்டாமா? அத்தனை ஆசையோடு காத்திருப்பவள் முன்னால், மூக்குத் துடைத்த சால்வையோடு, மகன் இல்லாத நான் எப்படிப் போய் நிற்பது... வெளியே ஜீப்பின் ஹாரன் விடாமல் அடித்தது. சால்வையை முதல் படியில் வைத்தேன். ஓடிவந்துவிட்டேன்.

விமானம் பறந்ததா? பறக்கவில்லை. இரண்டு மணி நேரம் தாமதம்! அந்த இரண்டு மணி நேரமும் விமான நிலையத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.

கோபாரில் இறங்கியதும் ஸாலிஹ் வண்டியோடு நின்றிருந்தான். “பாத்தியா?” என்றான். பார்த்தேன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் வாயில் வந்ததையெல்லாம் அளந்தேன். எழுந்து வந்தாள், தன் கையால் கஷாயம் கொடுத்தாள், உன்னைப் பற்றிக் கேலி பேசிச் சிரித்தாள்... நாக்கூசாமல் சொன்னேன்.

“அல்ஹம்துலில்லாஹ். அப்ப கலாஸ், இன்னொரு வருஷம் இருக்கேன்” என்றான். மறுநாளே கம்பெனியில் சொல்லிவிட்டான்.

ஐந்தாம் மாதம் அவன் ஊர்க்காரன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான். அம்மா இறந்துவிட்டாள். ஒரு வருடமாகவே படுத்த படுக்கையாம். மகன் மனம் கலங்கக் கூடாது என்று எழுதாமல் விட்டிருக்கிறார்கள். சால்வை வந்து சேர்ந்ததாம். கடைசிவரை அதைத்தான் போர்த்தியிருந்தாளாம்.

பொய் உடைந்தது, இப்போது என் கழுத்தைப் பிடிப்பான் என்று நின்றேன். பிடித்திருந்தால் பிழைத்திருப்பேன்! ஸாலிஹ் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“படுத்த படுக்கையா எந்திரிக்க முடியாம கெடந்தவ, உன்னப் பாத்து எந்திரிச்சிருக்கா, சிவா! எம் பேரச் சொன்னதும் அவளுக்கு அவ்வளவு தெம்பு வந்திருக்கு. கஷாயம்கூட போட்டுக் குடுத்திருக்காளே!”

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவனிடம் என்ன மிஞ்சும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். அவனுக்காகவா அந்த நியாயம்? இல்லை, சாமி! என் தோலைக் காத்துக்கொள்ளத்தான்.

பிறகு அவன் யாரைக் கண்டாலும் என்னைக் கூப்பிட்டு அந்தக் கதையைச் சொல்லச் சொல்வான். நானும் சொல்வேன். இரண்டு வருடத்தில் எத்தனை தடவை சொன்னேன் என்று தெரியாது.

நான் வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய அன்று, விமான நிலையத்துக்கு அவன்தான் வண்டி ஓட்டினான். இன்றாவது சொல்லிவிடுவது என்று உறுதியோடு உட்கார்ந்திருந்தேன். “ஸாலிஹ்...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டான்.

“இனிமே யாருகிட்டக் கேப்பேன்? கடைசியா ஒரு தடவ சொல்லு, சிவா. சிரிச்சாளா?”

“சிரிச்சா.”

“எப்படி? பல்லு தெரியவா?”

“ஆமா... பல்லு தெரிய” என்றேன்.

அவன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அந்த அம்மாவுக்குப் பல் இருந்ததா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.