சின்னோவெயின் சந்தை மூலை

பெர்கன் துறைமுகச் சந்தையில் செத்த மீனை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். காட் மீன் நீந்துவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், இதுதான் என்று விரல் நீட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் கத்தி. கப்பல் முதலாளி வீட்டு அம்மாவும் சரி, பட்டறைக் கூலியாளின் பெண்சாதியும் சரி, இந்த ஒரு விஷயத்தில் ஒரே பிடிவாதம்.

அந்தப் பிடிவாதத்திடம்தான் சின்னோவெ வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் சோத்ரா தீவுக்காரி. கணவன் மோன்ஸ் சனிக்கிழமைதோறும் விடியலில் துடுப்புப் போட்டு நகரத்துக்கு வந்து மீன் விற்றவன். வலை இழுக்கும் உருளையில் அவன் வலது கை நசுங்கிப்போனது. மறுவாரமே படகில் இவள் ஏறினாள். தூண்டில் போட்டதும் இவள்தான், துடுப்புப் போட்டதும் இவள்தான். மோன்ஸின் வேகம் இவள் தோளுக்கு வராது. அதனால் வெள்ளிக்கிழமை மதியமே கிளம்பி, பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்து, சந்தைப் படிக்கட்டின் அடியில் மீன்பெட்டியைத் தண்ணீரில் மிதக்கக் கட்டிவிடுவாள். ஓட்டைகள் போட்ட மரப்பெட்டி அது. கடல்நீர் உள்ளே வந்துபோகும், மீன் உயிரோடு கிடக்கும். அப்புறம் ஜெபவீட்டுக்குப் போய் ஆராதனையில் உட்கார்ந்துவிட்டு, அங்கேயே பெஞ்சில் படுத்துக்கொள்வாள்.

கோடை முழுவதும் குறையில்லாமல் போயிற்று. இலையுதிர் மழை பிடித்துக்கொண்டதும் வந்தது வினை. ஒரு சனிக்கிழமை பெட்டியைத் திறந்தால் அத்தனை மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. அடுத்த வாரமும் அதே கதை.

"என்ன தீவுக்காரி, மீன் தூங்குதா? எழுப்பி விடு, பாவம்!" என்றான் பக்கத்துக் கடை ராஸ்முஸ். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"தூங்கற மீனுக்குப் பாதி விலை!" என்று இன்னொருவன் கூவினான்.

ராஸ்முஸிடம் மோட்டார் படகு இருந்தது. காலையில் பிடித்துக் காலையிலேயே கொண்டு வந்துவிடுவான். சின்னோவெயின் மூலையில் தன் அக்காள் மகனை உட்காரவைக்க வேண்டும் என்று அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். சந்தையில் யாருக்கும் இடம் எழுதிக் கொடுத்ததில்லை. வாடிக்கை வருகிறவரை இடம், அவ்வளவுதான்.

வாடிக்கை என்றால் முதலில் ஹோல்ம்போ அம்மா. மாலுமித் தலைவரின் மனைவி. அந்த அம்மா எங்கே நிற்கிறாளோ அங்கேதான் அவள் தெருவே நிற்கும்.

"மோன்ஸுக்காகத்தான் இவ்வளவு நாள் பொறுத்தேன்," என்றாள் அவள், குடையைச் சாய்க்காமலே. "அடுத்த ஞாயிறு சர்ச்சுல என் பொண்ணுக்குத் திடப்படுத்தல் சடங்கு. வீடு நிறைய விருந்தாளிங்க. உயிர்மீன் இல்லேன்னா நான் ராஸ்முஸ்கிட்ட போயிடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

"கொண்டு வரேம்மா. நீங்க இங்கேயே வாங்க," என்றாள் சின்னோவெ. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

மழை விடவில்லை. பக்கத்துக் கரையில் ஜெர்மன் வியாபாரிகள் அந்தக் காலத்தில் கருவாடு அடுக்கி வைத்த மரக்கட்டடங்களின் இடுக்கில் போய் ஒதுங்கினாள். எத்தனையோ தடவை எரிந்துபோன ஊர், அங்கே யாரும் தீ மூட்டுவதில்லை. நடுங்கிக்கொண்டே, "கர்த்தாவே, தப்பு எங்கேன்னு காட்டும். திருத்திக்கறேன்," என்று முணுமுணுத்தாள். கன்னத்தில் ஓடிய மழைத்தண்ணீர் உதட்டில் இறங்கியது. சப்பென்று இருந்தது.

சட்டென்று எழுந்து சந்தைப் படிக்கு ஓடினாள். குனிந்து துறைமுகத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள். அதுவும் சப்பென்றுதான் இருந்தது. உப்பே இல்லை!

காப்பி கொண்டுவந்த காலிப் புட்டியில் தூண்டில் ஈயத்தைக் கட்டினாள். மூடிக்குத் தனியாக ஒரு நூல். ஆழத்தில் இறக்கி நூலை வெடுக்கென்று இழுத்தாள். மூடி கழன்று புட்டி நிறைந்தது. மேலே தூக்கிக் குடித்துப் பார்த்தாள். நாக்கு எரிந்தது. அடியில் கடல் கடலாகத்தான் இருந்தது. ஊரைச் சுற்றி நிற்கும் ஏழு மலையிலிருந்தும் வழிந்து வந்த மழைத்தண்ணீர் மேலே பாலாடை மாதிரி படிந்திருந்தது. அவள் பெட்டி ராத்திரி முழுக்க அந்த ஆடையில்தான் மிதந்திருக்கிறது.

வீட்டில் சொன்னபோது மோன்ஸ் நம்பவில்லை. "நான் ஒரு ராத்திரிகூட அங்கே பெட்டியைப் போட்டதில்ல. எனக்கென்ன தெரியும்? அதுக்காக மீன்பெட்டியில கல்லைக் கட்டுவாங்களா? ஊரே சிரிக்கும்."

"ஊரு சிரிச்சு முடிச்சிடுச்சு. நீங்க முடிச்சைப் பிடிங்க."

அவன் இடது கையால் பிடித்தான். அவள் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கினாள்.

சனிக்கிழமை, வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. படிக்கட்டில் மிதக்கும் பெட்டியைக் காணாமல் ராஸ்முஸ் கையைத் தட்டினான். "பெட்டியே போயிடுச்சா! நல்லதாப் போச்சு, சிரமம் விட்டது."

ஹோல்ம்போ அம்மா வந்து நின்றாள். "எங்கே?"

"கீழே இருக்கும்மா."

சின்னோவெ கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கல்லும் பெட்டியும் தண்ணீரும் சேர்ந்து அவளைக் கீழே இழுத்தன. காலைப் படிவிளிம்பில் முட்டுக் கொடுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"விடு, நான் பிடிக்கறேன்," என்றான் ராஸ்முஸ், பார்க்கச் சகிக்காமல்.

"கை வேண்டாம். கொஞ்சம் வழி விடுங்க."

பெட்டி மேலே வந்தது. மூடியைத் திறந்ததுதான் தாமதம், பெரிய காட் ஒன்று வாலைச் சுழற்றி அடித்தது. ஹோல்ம்போ அம்மா ஞாயிறு ஆராதனைக்குப் போடும் நல்ல கோட்டு முழுக்கத் தண்ணீர். அந்த அம்மா கோட்டைத் துடைக்கவில்லை, விரலைத்தான் நீட்டினாள்.

"அந்தப் போக்கிரி. அவனைக் குடு. கூட இன்னும் மூணு."

பின்னால் தெரு முழுவதும் வரிசை கட்டியது.

கூட்டம் கலைந்த பிறகு ராஸ்முஸ் மெல்ல வந்தான். "என்னம்மா மந்திரம் பண்ணினே?"

சின்னோவெ புண்ணான கையைத் துணியில் சுற்றிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், புட்டியைக்கூட எடுத்துக் காட்டினாள். ஆண்டவர் காட்டியதை ஒளித்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"உங்க அக்கா மகனுக்கும் சொல்லுங்க. பெட்டியை ஆழமா இறக்கச் சொல்லுங்க," என்றாள். "ஆனா வேற மூலையில."