பழைய பெட்டிக்கு ஏற்ற லைப்ரரி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வேலை சுத்தமாக இருப்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பெரம்பலூரில் ஒரு மொபைல் கடையின் மாடியில் நானும் வீட்டுக்காரரும் போர்வெல் மோட்டாருக்குப் பெட்டி செய்கிறோம். போர்டும் சோல்டரும் அவர் பாடு. உள்ளே ஓடும் புரோகிராம் என் பாடு.

மும்முனை கரண்ட் வந்ததும் பெட்டி மோட்டாரைப் போடும். போரில் தண்ணீர் இறங்கினால் நிறுத்திவிடும். இரண்டுக்கும் சொந்தக்காரருக்கு ஒரு மிஸ்டு கால் போகும். முதலில் அழகாக ஓர் ஆப் எழுதினேன். ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு ரிங் குடுத்தா போதும்மா, நாங்க பாத்துக்குவோம்" என்றார்கள். அதோடு ஆப்பைத் தலைமுழுகினேன்.

எங்கள் முதல் பெட்டி தா.பழூர் பக்கம் ஓர் அக்காவின் வயலில் இருக்கிறது. அவர் கணவர் சிங்கப்பூரில். அக்கா பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டே வயலையும் பார்க்கிறார். கரண்ட் எப்போது வரும் என்று வரப்பில் உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. பெட்டி வாங்குவதற்கு முன்பு, தண்ணீர் இல்லாமல் ஓடி ஒரு மோட்டார் கருகியே போயிற்று. அப்போதிருந்து அவருடைய கொழுந்தனார், நிலத்தைத் தன்னிடம் குத்தகைக்கு விடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மனசில்லை. பெட்டி வாங்கியதும், மிஸ்டு கால் வரும் அதன் நம்பரைப் போனில் 'வயல்' என்று பதிந்து வைத்திருந்தார்.

போன வருஷம் சரியாக நடவு நேரத்தில் பெட்டிக்குள் சிம் போட்டுக் கால் பண்ணும் மோடம் செத்துப்போனது. அதே மாதிரி மோடம் இப்போது கிடைப்பதில்லை. புது மோடத்தோடு பேசப் பழைய புரோகிராமுக்குத் தெரியாது. நான் புதிதாக எழுதி, மேஜையில் இருந்த புதுப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தேன். கச்சிதமாக ஓடியது. மறுநாள் இருவரும் பஸ் ஏறி, அரியலூரில் மாறி, சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து தா.பழூர் போய்ச் சேர்ந்தோம்.

மோட்டார் கொட்டகையில் அக்காவோடு கொழுந்தனாரும் நின்றிருந்தார். மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. அதற்குள் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும்.

"இந்தப் பொட்டி இன்னைக்கு ஓடலைன்னா வயலை என்கிட்ட வுட்டுடுங்க அண்ணி" என்றார் அவர்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஓடலைன்னா எடுத்துக்கங்க தம்பி."

 எனக்கு என் வேலைமேல் நம்பிக்கை இருந்தது. ஆனாலும் ஒருவருடைய நிலத்தை அதன்மேல் வைப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டுக்காரர் புது மோடத்தை மாட்டினார். நான் புரோகிராமை ஏற்றினேன். ஓடவில்லை. அது கேட்கும் லைப்ரரி இங்கே இல்லை என்று லேப்டாப்பில் ஒரு வரி வந்தது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. நேரம் கேட்பது, ஃபைலைத் திறப்பது மாதிரி அடிப்படை வேலைகளுக்கு என் புரோகிராம் பெட்டிக்குள் இருக்கும் லைப்ரரியிடம்தான் போய் நிற்கும். நான் லேப்டாப்பில் அதைத் தயாரித்தது புது லைப்ரரியை நம்பி. மேஜைப் பெட்டியில் இருந்தது புதுசு. இந்த முதல் பெட்டியில் இருப்பதோ பழசு.

"புது லைப்ரரிய இதுக்குள்ளயே தூக்கிப் போட்டுடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்று வீட்டுக்காரர் கீபோர்டுக்குக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க. இதுக்குள்ள ஓடுற அத்தனையும் அந்தப் பழசுமேலதான் நிக்குது. புதுசு ஒத்துக்கலைன்னா, பழசைத் திருப்பி வைக்கிற கமாண்டு கூட ஓடாது. வூட்டுல ஆளை வெச்சிக்கிட்டே அஸ்திவாரத்தை மாத்துவீங்களா?"

"அப்ப என்னதான் பண்றது, மகாராணி?"

"இங்க யார்கிட்டயும் எதுவும் கேக்க வேணாம். கட்டுச்சோறு கட்டிக்குவோம்."

சின்னதாக வேறொரு லைப்ரரி உண்டு. அதிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்துப் புரோகிராமுக்குள்ளேயே கட்டிவிடலாம். புரோகிராம் கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான். பிறகு பெட்டியில் பழசு இருந்தால் என்ன, புதுசு இருந்தால் என்ன? அந்தச் சின்ன லைப்ரரியை லேப்டாப்பில் ஏற்றி வைத்தபோது, "இந்தப் பொடிசு எதுக்குடி?" என்று கேலி பண்ணிய வீட்டுக்காரர் இப்போது கொட்டகை வாசலில் எனக்கு வெயில் படாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை அது தயாராகவில்லை. பெரிய லைப்ரரியில் மட்டும் கிடைக்கும் ஒரு வசதியை நான் சொகுசாகப் பயன்படுத்தியிருந்தேன். என்னையே திட்டிக்கொண்டு அதை நாலு வரியில் நானே எழுதினேன். மறுபடி தயாரித்து ஏற்றினேன். பெட்டியின் விளக்கு பச்சையாகி நின்றது.

"இவ்ளோதானா?" என்றார் கொழுந்தனார்.

"கரண்ட் வரட்டுங்க, பாருங்க" என்றேன்.

காத்திருந்தோம்.  அக்கா புடவைத் தலைப்பால் போனைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அவர் கையைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கரண்ட் வந்தது. பெட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மோட்டார் உறுமி எழுந்து, குழாய் இருமி, தொட்டியில் தண்ணீர் கொட்டியது. கொஞ்சம் பொறுத்து அக்காவின் போன் அடித்தது. அவர் அதை அப்படியே கொழுந்தனார் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வயல் கூப்புடுது தம்பி. யாரைக் கூப்புடுதுன்னு பாத்துக்கங்க."

கொழுந்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிங் நின்றது. தொட்டியில் விழும் தண்ணீரை ஒரு தடவை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாத்து பறிக்கக் காலையில எத்தனை மணிக்கு வரணும் அண்ணி?"