இரண்டு திருகாணிக்கு ஓர் உருண்டை ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: நான், என் மனைவி ஸ்டெல்லா, மகள் ரீட்டா, பக்கத்து வீட்டு ரபீக் பாய், கோயிலில் பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு வந்துவிட்ட ஏழு பேர். ஆக மொத்தம் பதினொன்று. வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கையும் சேர்த்தால் பன்னிரண்டு. அதற்குத் தனியாக ஒரு நாற்காலி போட்டிருந்தேன்... மனிதர்களில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். ஸ்டெல்லாவின் தம்பிக்குத் திருச்சியில் கல்யாணம் நடந்து இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு லீவு இல்லை, டிக்கெட்டுக்குப் பணமும் இல்லை. போகவில்லை. அதற்குப் பதில் ஒரு கேசட் வந்து சேர்ந்தது. மூன்று மணி நேரக் கல்யாணம்.

வந்தவர்கள் எல்லாம் கல்யாணம் பார்க்க வந்தவர்கள். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் இரண்டாம் பட்சம். அவள் பார்க்க வேண்டியது அவள் அப்பாவை. பார்த்து ஆறு வருஷம். ஊரிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரி, "அப்பா நலம்." அவ்வளவுதான்.

"அதுக்கு மேல ஒரு வரி எழுத மாட்டேங்கிறாங்களே... ஏங்க?" என்று இரண்டு வருஷமாகக் கேட்கிறாள்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? கடிதத்தில் எதையும் எழுதலாம். கேமராவுக்கு முன்னால் ஒருவர் எவ்வளவு நேரம் நலமாக இருப்பதுபோல் நடிக்க முடியும்?

டெக்கை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஏழு மணிக்கு வேறு ஒரு வீட்டுக்குப் புக்கிங்.

சரி, கோளாறு எங்கே?

எங்கள் டிவி எட்டு வருஷத்துக்கு முன் வாங்கியது. மரப்பெட்டி, நாலு கால். வாங்கும்போதே கடைக்காரர் சொன்னார், "சேனல் குமிழை ரொம்பத் திருகினா லூஸாயிடும்லா." நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்தவன் சொன்னால் கேட்டுக்கொள்வேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில், படம் வருகிற 5, 8 தவிர வேறு எந்த எண்ணுக்கும் குமிழ் போனதில்லை. போகவும் விட்டதில்லை.

அந்த டிவியின் முதுகில் இரண்டு திருகாணி. ஆன்டெனாவிலிருந்து வரும் பட்டை ஒயரை இரண்டாகப் பிளந்து அவற்றில் மாட்டியிருக்கிறது. டெக்கிலிருந்து வருவதோ உருண்டை ஒயர். நுனியில் ஊசி மாதிரி ஒரு கம்பி. உருண்டையை எப்படி இரண்டு திருகாணியில் மாட்டுவது?

"நடுவுல ஒரு அடாப்டர் போடணும்ணே," என்றார் ரபீக் பாய். கப்பல் பட்டறையில் ஒயரிங் வேலை. "கப்பலுக்கே கரண்ட் குடுக்கிறவன் நான். உங்க டிவி எம்மாத்திரம்?"

காலைப் பூசைக்குப் போகாமல், அடாப்டர் வாங்க ஜாலான் புசார் கடைத்தெருவுக்கு பஸ் ஏறினேன். ஃபாதர் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

கடை முதலாளி ஒரு சீனத் தவுக்கே. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இருவருக்கும் சந்தை மலாய் கொஞ்சம் தெரியும். ஒயரைக் கையோடு கொண்டுபோயிருக்க வேண்டும். அறுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு தாளில் படம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். தவுக்கே படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன, மீன் படமா?" என்றார்.

நான் நடித்துக் காட்டினேன். ஒரு விரலை நீட்டி உருண்டை ஒயர். இரண்டு விரலை நீட்டித் திருகாணிகள். அவர் டிராயரில் கைவிட்டு, கட்டைவிரல் அளவில் ஒன்றை எடுத்து வைத்தார். இரண்டு வெள்ளி ஐம்பது காசு.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். திரை முழுக்க வெள்ளைப் புள்ளி. ஜோவென்று மழைச் சத்தம். கல்யாணத்தையும் காணோம், மாமனாரையும் காணோம்.

"டூப்ளிகேட் அடாப்டர்ணே. நல்லா ஏமாத்திட்டான்," என்று ரபீக் பாய் தீர்ப்புச் சொன்னார்.

மறுபடி ஜாலான் புசார். இந்தத் தடவை டாக்சி. மீட்டர் ஏற ஏற என் கோபமும் ஏறியது. அடாப்டரை மேஜையில் வைத்து, "ரோசாக்!" என்றேன். கெட்டுப்போனது என்று அர்த்தம். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். கடையில் இருந்த மற்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தவுக்கே கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இதே சாமானை எத்தனையோ பேர் வாங்கிப் போறாங்க. ஒருத்தரும் திரும்பி வரல."

"நான் வந்திருக்கேனே!"

அவர் காசைத் திருப்பிக் கொடுத்தார். அடாப்டரை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். வேறு ஒன்றை எடுத்து வைத்தார். நாலு வெள்ளி. ஜப்பான் சாமானாம்.

மூன்று மணிக்கு ஜப்பான் அடாப்டரை மாட்டியபோதுதான் அந்தப் பதினொரு பேரும் ஹாலில் இருந்தோம். டிவி வெடித்தால் என்ன ஆவது என்று எல்லாரையும் பின்னால் தள்ளி உட்காரச் சொன்னேன். ஒரு வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்தேன்.

"கரண்டுக்குத் தண்ணியாண்ணே? கல்யாணம் பார்க்க வந்தவங்கள மோட்சத்துக்கே அனுப்பிடாதீங்க!" என்று ரபீக் பாய் வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஸ்விட்சைப் போட்டோம்.

மழை. அதே மழை.

அப்புறம் என்ன? ஆளுக்கு ஒரு யோசனை. ஒருவர் டிவியின் தலையில் தட்டினார். ஒருவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றார். நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு — மெஷினைப் பார்த்துவிட்டால் தெரியாது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். மணி நாலாயிற்று. நாலரையும் ஆயிற்று. ஸ்டெல்லா கையில் காப்பித் தட்டோடு சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காப்பி ஆறிப்போயிருந்தது. அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

ரீட்டா டெக்கின் முதுகைக் குனிந்து பார்த்து, "அப்பா, இங்க சேனல் த்ரீனு போட்டிருக்கு. டிவியில த்ரீ வைக்கணும் போல," என்றாள்.

"நம்ம டிவியில மூணே கிடையாதும்மா," என்றேன். சத்தியமாக நம்பித்தான் சொன்னேன். "அஞ்சும் எட்டும்தான்."

ஸ்டெல்லா தட்டைக் கீழே வைத்தாள்.

"என்னங்க... நீங்க ஒட்டின பிளாஸ்டர்தானே அது?"

நேராக வந்தாள். குமிழைச் சுற்றி நகத்தால் சுரண்டினாள். எட்டு வருஷத்தில் மரத்தின் நிறத்துக்கே மாறிப்போயிருந்த பிளாஸ்டர் நீளமாக உரிந்து வந்தது. அடியில் இரண்டு, மூன்று, நாலு... எல்லா எண்களும் பளிச்சென்று உட்கார்ந்திருந்தன. ஒட்டியவன் நான். புது டிவி லூஸாகிவிடக் கூடாதே என்று, 5, 8 தவிர மற்றதையெல்லாம் மறைத்து ஒட்டியவன் நான்.

ஸ்டெல்லா குமிழை மூன்றுக்குத் திருப்பினாள். மழை நின்றது. திருச்சியில் ஒரு பந்தல் தெரிந்தது. ஹாலில் கைதட்டல்.

மணி ஐந்தேகால்.

பந்தல், சீரியல் விளக்கு, மறுபடி பந்தல்... ஐந்து நிமிஷம் பார்த்தாள். பிறகு டெக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்து கேசட்டை வேகமாக ஓட்ட ஆரம்பித்தாள். மாப்பிள்ளை ஓடினான். பூசை வைத்த சாமியார் ஓடினார். தாலி கட்டியது ஒரு மின்னலாகப் போயிற்று.

"ஐயோ, தாலி போச்சே ஸ்டெல்லா! நிறுத்துலா!" என்று பின்னாலிருந்து கூச்சல்.

"என் தம்பி தாலி கட்டிட்டான். அதுதான் லெட்டர்லயே வந்துச்சே," என்றாள் திரும்பாமல்.

பந்தியில் நிறுத்தினாள். வரிசையாக இலைகள். நாலாவது இலையில் அவள் அப்பா. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கியது. பக்கத்தில் ஒரு கைத்தடி சாய்த்திருந்தது. கடிதங்களில் இந்தக் கைத்தடி இல்லை.

கேமராக்காரன் விளக்கை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனான். மாமனார் நிமிர்ந்தார். கைத்தடியை எடுத்தார். "சாப்பிடுறப்ப மூஞ்சில லைட்டாடா அடிக்கிற? தள்ளிப் போடா அந்தாண்ட!" என்று ஒரு போடு போட்டார். கேமரா தடுமாறிப் பந்தல் கூரையைக் காட்டியது. கூரைக்குப் பின்னாலிருந்து, "தம்பி, இந்தப் பக்கம் ரசம்!" என்று அவர் குரல் மட்டும் கேட்டது.

ஸ்டெல்லா சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"திட்டுறார்ங்க... பழையபடி திட்டுறார்."

அந்த இடத்தையே ஐந்து தடவை போட்டுப் பார்த்தாள். வந்த ஏழு பேரும் கல்யாணத்தைப் பார்க்காமலேயே வீட்டுக்குப் போனார்கள். டெக் ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டில் எது ஓடாவிட்டாலும் கடைசியாக வந்து சேர்ந்த பொருள் மேல்தான் நமக்குச் சந்தேகம். புது மருமகள் மாதிரி. எட்டு வருஷமாக வீட்டிலேயே இருப்பவர்களை யார் சந்தேகப்படுகிறார்கள்?

நேற்று ஒரு வேலையாக ஜாலான் புசார் போயிருந்தேன். தவுக்கே கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் எதிர் வரிசைக்குப் போய், குடையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மழை இல்லை.

அவர் குப்பைக்கூடையில் போட்டது ஒரு நல்ல அடாப்டர். நான் அவருக்குத் தர வேண்டியது — இரண்டு வெள்ளி ஐம்பது காசு.